செயலியா, செவிலியரா? தொற்று காலத்தில் நம் தகவல் யார் கையில்?

(தகவல் தொழில்நுட்பப் பிரிவு தன்னார்வலர்களுக்கான பயிற்சி முகாமில் நம் பிரிவுத் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிங்க, படிச்சுட்டுப் பகிருங்க.)



மேடையில் இருக்கும் மூத்தவங்களுக்கும், காலையிலேயே பஸ் புடிச்சு வந்து உட்கார்ந்திருக்கும் ஒன்றிய, நகர, வட்டத் தோழர்களுக்கும் என் அன்பு. எனக்குக் கொடுத்த தலைப்பு "தொழில்நுட்பமும் மக்கள் உரிமையும்". பெரிய தலைப்பு. அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன்: கொரோனா காலத்தில் நம்ம போனுக்குள் வந்து உட்கார்ந்த தொடர்பு கண்டறியும் செயலி.

"அதான் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு?"னு கேட்கலாம். கொரோனா அலை ஓய்ஞ்சிருக்கு, தொற்றுநோய் ஓயலை. பக்கத்து மாநிலமான கேரளாவில் 2018, 2021, 2023, 2024-ல் நிபா வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் "இந்த நோயாளி யார் யாரைப் பார்த்தார், எங்கெங்க போனார்"னு நூற்றுக்கணக்கான பேரைத் தேடினாங்க. அடுத்த தொற்று வரும்போது நம்ம கையிலும் ஒரு செயலியைக் கொடுப்பாங்க. அப்ப பதற்றத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. நிதானமா இருக்கும்போதே நாம படிச்சு வைக்கணும்.

*முதலில் மனுஷங்க கதை*

தொடர்பு கண்டறிதல் புது விஷயம் இல்லை. காசநோய்க்கும் அம்மைக்கும் காலம் காலமா செஞ்சதுதான். நோய் உறுதியானவர்கிட்ட போய் உட்கார்ந்து, கடந்த சில நாளில் யாரோட இருந்தீங்கன்னு பொறுமையா கேட்டு, பட்டியல் போட்டு, அவங்களைத் தேடிப் போய் பரிசோதிக்கணும். அவங்களுக்கும் நோய் இருந்தா மறுபடி அதே வேலை.

தமிழ்நாட்டில் 2020-ல் இதை யார் செஞ்சாங்க? கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், மாநகராட்சி களப்பணியாளர், தன்னார்வலர். கோயம்பேடு சந்தை ஞாபகம் இருக்கா? 2020 மே 5-ஆம் தேதி சந்தையை மூடினாங்க. அதுக்குள் சுமை தூக்கும் தொழிலாளர்கள் அரியலூர், கடலூர், விழுப்புரம்னு சொந்த ஊருக்குப் போயிருந்தாங்க. அவங்களை ஊர் ஊரா, தெருத் தெருவா தேடிக் கண்டுபிடிச்சது கால்நடையா நடந்த மனுஷங்க. "கோயம்பேட்டில் இருந்து யாராவது வந்தாங்களா?"ன்னு ஊர்ல விசாரிச்சு, லாரியில் வந்தவங்களையும் கூட வந்தவங்களையும் வரிசையா எழுதிப் பிடிச்சாங்க.

அந்த உழைப்புக்கு உலக அளவில் மரியாதை கிடைச்சது. 2020-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்துச்சு. தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு மாநிலத்தின் தொடர்பு கண்டறிதல் தகவலை வெச்சு செஞ்ச ஆய்வு. 84,965 நோயாளிகளோட தொடர்பில் இருந்த 5,75,071 பேரைப் பரிசோதிச்ச கணக்கு அதில் இருக்கு. என்ன தெரிஞ்சதுன்னா, பத்தில் ஏழு நோயாளிகிட்ட இருந்து அவங்க தொடர்பில் இருந்த யாருக்கும் தொற்று போனதா கண்டுபிடிக்கப்படலை. மாறா, சுமார் 5 விழுக்காடு பேர்தான், தொற்று உறுதியான தொடர்புகளில் 80 விழுக்காட்டுக்குக் காரணம். அதாவது எல்லாரும் ஒரே மாதிரி பரப்புறதில்லை, சில இடம், சில சூழல்தான் பெரிய பரவலுக்குக் காரணம். உலகமே தெரிஞ்சுக்கிட்ட இந்தப் பாடத்துக்குப் பின்னாடி இருக்கிறது வெயில்ல நடந்த செவிலியர் அக்காக்களோட நோட்டுப் புத்தகம்.

*சரி, செயலி எப்படி வேலை செய்யுது?*

நான் இன்ஜினியரிங் படிச்சவன். இதை எளிமையா சொல்றேன்.

உங்க போனில் புளூடூத் இருக்கு. செயலி போட்டிருந்தா, போன் சில நொடிக்கு ஒருமுறை ஒரு எண்ணை மெதுவா "கூப்பிட்டுக்கிட்டே" இருக்கும். பக்கத்தில் இருக்கிற போன் அதைக் கேட்டுக் குறிச்சு வெச்சுக்கும். டவுன் பஸ்ல நீங்களும் நானும் பக்கத்து சீட்ல இருபது நிமிஷம் உட்கார்ந்தா, உங்க எண் என் போனில், என் எண் உங்க போனில். நாளைக்கு எனக்குத் தொற்று உறுதியானா, "இந்த எண்ணோட பக்கத்தில் இருந்தவங்க ஜாக்கிரதை"ன்னு உங்களுக்குத் தகவல் வரும். பேர் தெரியாத சக பயணியையும் கண்டுபிடிக்கலாம்கிறதுதான் இதோட பலம். செவிலியர் வந்து கேட்டா, பஸ்ல பக்கத்தில் உட்கார்ந்தவர் பேர் நமக்கு எங்க தெரியும்?

யோசனை நல்ல யோசனைதான். பிரச்சினை எங்க ஆரம்பிக்குதுன்னா, அந்த எண்களை *யார் பொருத்திப் பார்க்கிறாங்க* என்பதில்.

முதல் வகை: எல்லாம் மத்திய சர்வருக்குப் போகும். எனக்குத் தொற்று வந்தா, நான் யார் யாரைச் சந்திச்சேன்கிற முழுப் பட்டியலும் அரசாங்கத்தோட கணினிக்குப் போகும். பொருத்துறது அவங்க.

இரண்டாவது வகை: பொருத்துறது உங்க போனுக்குள்ளேயே நடக்கும். தொற்று வந்தவரோட எண்களை மட்டும் பொதுவில் அறிவிப்பாங்க. உங்க போன் அதை இறக்கி, தன்கிட்ட இருக்கிற குறிப்போட ஒப்பிட்டுப் பார்த்து, உங்ககிட்ட மட்டும் சொல்லும். யாரை யார் சந்திச்சாங்கன்னு அரசுக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. எண்ணும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கிட்டே இருக்கும், அதனால பின்தொடரவும் முடியாது.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் இருக்கும் இபிஎஃப்எல் பல்கலைக்கழகத்தின் கார்மேலா ட்ரொன்கோசோ தலைமையிலான குழு இந்த இரண்டாவது வகையை வடிவமைச்சது. ஆப்பிளும் கூகுளும் 2020 ஏப்ரல் 10-ஆம் தேதி சேர்ந்து அறிவிச்ச முறையும் இதே வழிதான். ஜெர்மனி முதலில் மத்திய சர்வர் முறைக்குப் போகப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் மனசை மாத்திக்கிட்டு, ஜூன் 16-ஆம் தேதி போனுக்குள்ளேயே பொருத்தும் செயலியை வெளியிட்டது. மூலநிரலும் முதலிலேயே வெளிப்படை. போட்டுக்கிறதும் விடுறதும் அவங்கவங்க விருப்பம்.

ஒரு விஷயத்தைக் கவனிங்க தோழர்களே. "உயிரா, உரிமையா? இரண்டில் ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணும்"னு அப்ப டிவி விவாதத்தில் மிரட்டினாங்க. இரண்டையும் சேர்த்துக் காப்பாத்தும் வழி 2020 கோடையிலேயே உலகத்தில் இருந்தது. இல்லாத ஒண்ணை நாம கேட்கலை.

*நம்ம நாட்டில் என்ன நடந்துச்சு?*

2020 ஏப்ரல் 2-ஆம் தேதி மத்திய அரசு ஆரோக்கிய சேது செயலியை வெளியிட்டது. பேர், போன் நம்பர், வயசு, பாலினம், தொழில், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் கேட்டுச்சு. புளூடூத்தோட நிற்கலை, ஜிபிஎஸ் வழியா நீங்க இருக்கிற இடத்தையும் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை குறிச்சது. அந்தக் குறிப்பு முதலில் போனில்தான் இருக்கும். தொற்று உறுதியானாலோ, நீங்க சொன்ன அறிகுறியை வெச்சு சந்தேகம் வந்தாலோ சர்வருக்குப் போகும்.

நோயைக் கண்டுபிடிக்க நான் எவ்வளவு நெருக்கமா, எவ்வளவு நேரம் இருந்தேன்னு தெரிஞ்சா போதும். எந்தத் தெருவில் இருந்தேன்னு எதுக்கு? சிங்கப்பூர் செயலிகூட இருப்பிடத்தைக் குறிக்கலையே!

அடுத்தது கட்டாயம். 2020 மே 1-ஆம் தேதி உள்துறை அமைச்சக உத்தரவு, அரசு, தனியார் ஊழியர் அத்தனை பேரும் செயலி போட்டே ஆகணும்னு சொன்னுச்சு. நொய்டாவில் போலீஸ் ஒரு படி மேலே போய், வெளியே வர்றவங்க போனில் செயலி இல்லைன்னா இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவு பாயும்னு அறிவிச்சாங்க. ரயிலில் ஏறவும் கட்டாயம்னு ரயில்வே சொன்னுச்சு. அந்த மே மாசம் ரயிலுக்காகக் காத்திருந்தது யாரு? ஊருக்குப் போக வழியில்லாம நின்ன தொழிலாளி. பட்டன் போன் வெச்சிருக்கிறவர்கிட்ட செயலி காட்டுன்னு கேட்டா அவர் என்ன செய்வார்?

நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா, ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி, தகவல் பாதுகாப்புச் சட்ட முன்வரைவைத் தயாரிச்ச குழுவுக்கே தலைவரா இருந்தவர். இந்தக் கட்டாயம் சட்டவிரோதம்னு வெளிப்படையா சொன்னார். காரணம் எளிமையானது: நாடாளுமன்றம் இதுக்குன்னு எந்தச் சட்டமும் போடலை.

2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதா என்ன சொன்னுச்சு? அந்தரங்கம் அடிப்படை உரிமை. அரசு அதில் கை வைக்கணும்னா ஒரு சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், தேவைக்கு மேலே போகாம அளவோட இருக்கணும். ஆரோக்கிய சேது விஷயத்தில் நோக்கம் நியாயம், மறுக்கலை. சட்டம் எங்க? அளவு எங்க?

எதிர்ப்பு வலுத்ததும் மே 17-ஆம் தேதி புது உத்தரவில் வார்த்தை மாறுச்சு, "இயன்றவரை முயற்சி செய்யுங்க"ன்னு இறங்கி வந்தாங்க. மே 26-ஆம் தேதி ஆண்ட்ராய்டு செயலியோட மூலநிரலை வெளியிட்டாங்க. கேள்வி கேட்டதாலதான் இதெல்லாம் நடந்துச்சு. கேள்வி கேட்டவங்களைத் தேசத்துரோகின்னு சொன்னவங்க இதைப் பத்திப் பேசவே மாட்டாங்க.

இதுக்கு அப்புறம்தான் பெரிய கூத்து. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருத்தர் "இந்தச் செயலியை யார் உருவாக்கினாங்க?"ன்னு கேட்டார். துறைகள் ஒண்ணை ஒண்ணு கை காட்டின. 2020 அக்டோபரில் மத்திய தகவல் ஆணையமே, மழுப்பலான பதில் சொன்னதுக்கு விளக்கம் கேட்டு அதிகாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கோடிக்கணக்கான போனில் இருக்கிற செயலி, செஞ்சது யாருன்னு கேட்டா உடனே பதில் இல்லை! அப்புறம்தான் அரசு அவசரமா விளக்க அறிக்கை விட்டுச்சு.

நீதிமன்றமும் சும்மா இல்லை. 2021 ஜனவரி 25-ஆம் தேதி கர்நாடக உயர்நீதிமன்றம், பயனாளியோட தெளிவான சம்மதம் இல்லாம அவங்க தகவலை மத்த துறைகளோடு பகிரக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவு போட்டது. கடைசியில் செயலியின் தொடர்பு கண்டறியும் வசதி நிறுத்தப்பட்டது, அந்தத் தகவலும் அழிக்கப்பட்டதுன்னு 2023-ல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னுச்சு. அழிச்சாங்கன்னா சந்தோஷம். ஆனா வெளியாள் யாராவது சரிபார்த்து "ஆமா, அழிச்சாச்சு"ன்னு சான்று கொடுக்கணுமா வேண்டாமா? நம்ம வீட்டுப் பத்திரத்தை அடகு வெச்சா, கடன் அடைஞ்சதும் பத்திரத்தைக் கையில் வாங்கித்தானே வர்றோம்? "கிழிச்சுப் போட்டுட்டோம், நம்புங்க"ன்னு சொன்னா விட்டுடுவோமா?

*செயலி பயன்பட்டுச்சா, இல்லையா?*

இங்க நாம நேர்மையா பேசணும். எதிர்க்கணும்கிறதுக்காக எல்லாத்தையும் குப்பைன்னு சொல்றது நம்ம வேலை இல்லை.

முதலில் கணக்கு. 2020 மே நடுவில் ஆரோக்கிய சேது 10 கோடி பேர்கிட்ட போய்ச் சேர்ந்துச்சு. பெரிய எண்ணிக்கைதான். ஆனா நாட்டு மக்கள் தொகை அப்ப சுமார் 138 கோடி. அதாவது நூத்துக்கு ஏழு பேர். செயலி வேலை செய்யணும்னா சந்திக்கிற *இரண்டு பேர்கிட்டயும்* அது இருக்கணும். ஏழு விழுக்காட்டை ஏழு விழுக்காட்டால் பெருக்குங்க: அரை விழுக்காடு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருந்தா, இருநூறு சந்திப்பில் ஒண்ணைத்தான் பிடிக்கும். நகரத்தில் கொஞ்சம் கூடும், கிராமத்தில் இன்னும் குறையும். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டில் பூஜ்யம்.

அடுத்தது இயற்பியல். புளூடூத்துக்கு தூரம் தெரியாது. சிக்னல் பலமா, பலவீனமான்னு மட்டும்தான் தெரியும். அதை வெச்சு தூரத்தை ஊகிக்குது. சிக்னல் சுவரைத் தாண்டும், அதனால பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் "சந்திப்பு"ன்னு எழுத வாய்ப்பு இருக்கு. அதே சிக்னலை நம்ம உடம்பு உறிஞ்சும், பின்பாக்கெட்டில் போன் இருந்தா எதிரில் நிக்கிறவர்கூட தூரமாத் தெரியலாம். டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் டிராம் வண்டிக்குள் சோதிச்சுப் பார்த்தாங்க. இரும்புக் கூண்டுக்குள் சிக்னல் எதிரொலிச்சு எதிரொலிச்சு, பக்கத்தில் இருக்கிறவரையும் தள்ளி இருக்கிறவரையும் சரியாப் பிரிக்க முடியலை. நம்ம பஸ்ஸும் இரும்புக் கூண்டுதானே!

ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் 'கோவிட்சேஃப்' செயலியைக் கொண்டு வந்துச்சு. 2022 ஆகஸ்டில் மூடினாங்க. மூடும்போது அரசே சொன்ன கணக்கு: களப்பணியாளர் கண்டுபிடிக்காம, செயலி மட்டுமே கண்டுபிடிச்ச நோயாளிகள் 2 பேர், நெருங்கிய தொடர்புகள் 17 பேர். செலவு 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

மறுபக்கத்தையும் பாருங்க. இங்கிலாந்தும் முதலில் மத்திய சர்வர் முறையில் ஒரு செயலி செஞ்சு, வைட் தீவில் சோதிச்சு, ஐபோன்களைச் சரியாக் கண்டுபிடிக்காததால் ஜூனில் கைவிட்டாங்க. அப்புறம் போனுக்குள்ளேயே பொருத்தும் முறையில் 2020 செப்டம்பர் 24-ஆம் தேதி புது செயலி வந்துச்சு. மக்கள் தொகையில் சுமார் 28 விழுக்காடு பேர் தொடர்ந்து பயன்படுத்தினாங்க. 'நேச்சர்' ஆய்விதழில் 2021-ல் வந்த கட்டுரையின் மதிப்பீட்டின்படி, 2020 இறுதிக்குள் சுமார் 2.8 லட்சம் தொற்றுகளை அந்தச் செயலி தடுத்துச்சு. வேற கணக்கு முறையில் பார்த்தா கிட்டத்தட்ட 6 லட்சம்.

புரியுதா தோழர்களே? இடத்தைக் குறிக்காத, யாரையும் கட்டாயப்படுத்தாத செயலிதான் வேலை செஞ்சதா ஆய்வு சொல்லுது. எத்தனை தொற்று தடுத்தோம்னு கணக்கையும் மக்கள் முன்னாடி வெச்சாங்க. உரிமையை மதிச்சதால் பலன் குறையலை.

*நம்பிக்கை உடைஞ்சா என்ன ஆகும்?*

சிங்கப்பூரைப் பாருங்க. நம்ம சொந்தங்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் ஊர். தமிழ் ஆட்சிமொழியா இருக்கிற ஊர். 2020 மார்ச் 20-ஆம் தேதி 'ட்ரேஸ்டுகெதர்' வந்துச்சு, இந்த மாதிரி செயலிகளுக்கு உலகத்துக்கே முன்னோடி. தொடர்பு கண்டறிய மட்டும்தான் பயன்படும்னு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் உறுதி சொன்னார். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் என்ன தெரிய வந்துச்சு? குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீசும் அந்தத் தகவலை எடுக்கலாம், ஒரு கொலை வழக்கில் அப்படிக் கேட்டிருக்காங்க. மக்கள் கொதிச்சாங்க. அடுத்த மாசமே சட்டம் போட்டு, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும்னு வரம்பு கட்டினாங்க. கொலைகாரனைப் பிடிக்கிறது தப்பான்னு கேட்கலாம். தப்பில்லை. ஒரு காரியத்துக்குன்னு வாங்கினதை, சொல்லாம இன்னொரு காரியத்துக்கு எடுத்ததுதான் தப்பு. அடுத்த தடவை அரசு "நம்புங்க"ன்னு சொன்னா எத்தனை பேர் நம்புவாங்க?

கத்தாரில் 2020-ல் செயலி போடலைன்னா சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம்னு உத்தரவு இருந்துச்சு. அங்கேயும் நம்ம ஆட்கள் இருக்காங்க. அந்தச் செயலியில் இருந்த ஓட்டையால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவங்க விவரம் வெளியே போகும் நிலைமை இருந்ததை 2020 மே மாசம் ஆம்னெஸ்டி கண்டுபிடிச்சு சொன்ன பிறகுதான் அடைச்சாங்க.

தென்கொரியாவில் சியோலின் இத்தேவோன் பகுதி விடுதிகளில் 2020 மே மாசம் தொற்று பரவுச்சு. தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடம்னு ஊடகம் எழுதினதும், அங்க போனவங்க பரிசோதனைக்கு வரவே பயந்தாங்க. வேலை போயிடும், வீட்டில் தெரிஞ்சுடும்னு பயம். கடைசியில் அரசு பேர் கேட்காம பரிசோதனை செய்யும் முறையைக் கொண்டு வந்த பிறகுதான் ஆட்கள் வந்தாங்க. அவமானத்துக்குப் பயந்தா மனுஷன் நோயை மறைப்பான். மறைச்சா நோய் பரவும். அந்தரங்கத்தைக் காப்பாத்துறதே நோய்த் தடுப்புதான்.

நார்வே இன்னொரு உதாரணம். அவங்க செயலியும் ஜிபிஎஸ் குறிச்சது. தகவல் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூனில் எச்சரிச்சதும், சுகாதார நிறுவனம் சேகரிப்பை நிறுத்தி, இருந்த தகவலையும் அழிச்சது. கேள்வி கேட்க அதிகாரமுள்ள ஒரு ஆணையம் இருந்தா என்ன நடக்கும்னு பாருங்க.

நம்ம ஊர் கதை மட்டும் என்ன? 2020 மார்ச்சில் கர்நாடகத்தில் தனிமைப்படுத்தப்பட்டவங்க முகவரிப் பட்டியலை அரசே வெளியிட்டது. பல மாநிலத்தில் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டினாங்க. அது வேண்டாம்னு உச்சநீதிமன்றம் அந்த டிசம்பரில் சொல்ல வேண்டி வந்துச்சு. சென்னை வேலங்காட்டில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யப் போனவங்களைக் கல்லால் அடிச்ச கொடுமையை மறந்துட்டோமா? பயமும் வெறுப்பும் இருக்கிற ஊரில் ஒரு பட்டியல் கசிஞ்சா, அது வெறும் டேட்டா இல்லை, ஒரு குடும்பத்தோட நிம்மதி.

*"எல்லாம் ஏற்கனவே கூகுள்கிட்ட இருக்கே?"*

டீக்கடையில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில் வெச்சுக்கோங்க.

கூகுள் தகவல் எடுக்கிறதையும் எதிர்க்கணும், அது தனிச் சண்டை. ஆனா கூகுள் உங்க வீட்டுக்கு போலீஸ் அனுப்ப முடியாது, ரேஷனை நிறுத்த முடியாது, ரயிலில் இருந்து இறக்கிவிட முடியாது. அரசால் முடியும். அதிகாரம் பெருசா இருந்தா கட்டுப்பாடும் பெருசா இருக்கணும்.

"ஒளிக்க ஒண்ணும் இல்லைன்னா பயம் எதுக்கு?"ன்னு இன்னொருத்தர் கேட்பார். அவர்கிட்ட போன் லாக்கை எடுத்துட்டு மேசை மேல் வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க. சண்டை வேண்டாம், சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.

"இப்பதான் 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சே?" வந்துச்சு. ஆனா அதோட 17-ஆவது பிரிவைப் படிங்க. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு மாதிரி காரணங்களைச் சொல்லி அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்க மத்திய அரசுக்கே அதிகாரம். வேலிக்கு நடுவில் பெரிய கேட், சாவி அரசு கையில்.

*நாம் கேட்பது என்ன?*

அடுத்த தொற்று வரும்போது, எந்த அரசு இருந்தாலும், நாம கேட்க வேண்டியது இதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

1. செயலி வேணும்னா முதலில் சட்டம். எதுக்கு, எவ்வளவு நாளைக்கு, யார் பார்க்கலாம்னு சட்டத்திலேயே எழுதணும்.

2. கட்டாயம் கூடாது. செயலி இல்லைன்னு யாருக்கும் வேலையோ, ரேஷனோ, பயணமோ, சிகிச்சையோ மறுக்கக் கூடாது.

3. பொருத்தம் போனுக்குள்ளேயே நடக்கணும். இருப்பிடம் எடுக்கக் கூடாது.

4. மூலநிரல் முதல் நாளே பொதுவில் வேணும்.

5. போலீசுக்கோ வேற துறைக்கோ தகவல் போகக் கூடாது.

6. கடைசித் தேதி வேணும். முடிஞ்சதும் அழிக்கணும், அழிச்சதை வெளியாள் சரிபார்த்து அறிக்கை கொடுக்கணும்.

7. செயலிக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், களப்பணியாளரோட நிலுவைச் சம்பளம், முகக்கவசம், காப்பீடு கொடுத்தாச்சான்னு கணக்குக் காட்டணும்.

ஏழாவதுதான் எனக்கு முக்கியம். செயலி உதவும், ஆனா நடக்காது. கதவைத் தட்டி, "சாப்பிட்டீங்களா அம்மா? மூச்சு திணறல் இருக்கா?"ன்னு அதால் கேட்க முடியாது.

*கடைசியா, நம்மைப் பத்தி*

அரசைக் கேள்வி கேட்கிறவங்க முதலில் தன் வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கணும். நாம தகவல் தொழில்நுட்பப் பிரிவு. நம்ம கையிலும் மக்கள் தகவல் இருக்கு. பேரிடர் வரும்போது உதவி கேட்டு போன் நம்பர் கொடுக்கிறாங்க, முகவரி கொடுக்கிறாங்க, நோயாளியோட ஸ்கேன் ரிப்போர்ட்டையே வாட்ஸ்அப்பில் அனுப்புறாங்க. நம்மை நம்பித்தான் அனுப்புறாங்க.

அதனால இந்த மேடையில் மூத்தவங்க முன்னாடியே சில விதிகளை முன்வைக்கிறேன். உதவி கேட்டவர் விவரம் உதவிக்கு மட்டும். அந்த நம்பருக்குத் தேர்தல் பிரச்சார மெசேஜ் போகக் கூடாது. நோயாளி பேர், படம், முகவரி எந்தப் பொதுக் குரூப்பிலும் போடக் கூடாது, நல்லெண்ணத்தில்கூட. வேலை முடிஞ்சதும் பட்டியலை அழிக்கணும், ஒவ்வொரு மாவட்டத்திலும் அதுக்கு ஒருத்தர் பொறுப்பு. "கொரோனா நோயாளி லிஸ்ட்", "நிபா லிஸ்ட்"னு ஏதாவது ஃபார்வர்ட் வந்தா அது நம்ம போனோட நிக்கணும்.

நாளைக்கு நம்ம கட்சி ஆட்சியில் இருக்கும்போது ஒரு செயலி வந்தாலும், இதே ஏழு கேள்வியை எங்ககிட்டயும் கேளுங்க. அப்ப "நம்ம ஆட்சிதானே"ன்னு யாராவது உங்களை அமைதியாக்கப் பார்த்தா, இந்தப் பதிவைத் தேடி எடுத்து அவங்களுக்கே அனுப்புங்க. அதிகாரத்தில் யார் இருந்தாலும் உரிமை மக்களோடதுதான்.

உங்க ஊரில் கொரோனா காலத்தில் வீடு வீடா வந்த செவிலியர், சுகாதார ஆய்வாளர், தூய்மைப் பணியாளர், தன்னார்வலரை நினைச்சுப் பாருங்க. கமெண்டில் உங்க ஊர் பேரைப் போட்டு அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்க. அவங்களோட சம்மதம் இல்லாம பேரும் படமும் மட்டும் போட வேண்டாம்.



#நம்_தகவல்_நம்_உரிமை
#சட்டம்_இல்லாமல்_செயலி_இல்லை
#களப்பணியாளருக்கு_நன்றி